அறுபத்தொன்றாம் கம்பம்

செவ்வாய்க்கிழமை

என் தம்பிக்கு,

அக்காதான் எழுதுகிறேன். உறைமேல் இருக்கும் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், பேனா நகரவில்லை. இருக்கிறோம். அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடவா போகிறாய்?

பதினொரு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. போனை அணைத்து வைக்கலாம், தபால்காரரை அணைத்து வைக்க முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் முகவரியை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உன்னோடு வேலை பார்த்த வரைபடக்காரப் பெண்ணிடம் மூன்று தடவை போய் நின்றேன். முதல் நாள் தெரியாது என்றாள், அடுத்த நாள் சொல்லக் கூடாது என்றாள். மூன்றாம் நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன், உடனே எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பா அவளுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஏதோ குடோனில் பெட்டி தூக்குகிறாயாமே. ஒரு விரல் அகலம் பிசகினாலும் திரும்ப அளக்கிற கை அது. அந்தக் கைக்குப் பெட்டியா? சாப்பாடாவது வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனசுதான் எந்த ரூட்டில் ஓடுகிறதென்று அவருக்கே தெரியவில்லை. காலையில் எழுந்ததும் காக்கிச் சட்டையைக் கேட்கிறார், மாட்டிவிடுகிறேன். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பழைய டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்ற மனிதருக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது மட்டும் மறந்துபோய்விட்டது பார். சாப்பிடக் கூப்பிட்டால், டூட்டியில இருக்கும்போது எப்படிம்மா சாப்பிடறது என்று என்னையே கேட்கிறார். டிப்போ வந்தாச்சுப்பா, வண்டி நின்னுடுச்சு, இறங்கி வாங்க என்று சொன்னால்தான் எழுந்து வருகிறார். மூன்று வேளையும் இந்த நாடகம்தான். சில நாள் அலுத்துப்போய், பட்டினி கிடந்தால் கிடக்கட்டும் என்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரத்தில் மனசு கேட்காது.

இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ஸ்டாப்ப மாத்திட்டாங்க சார், ஒரு வார்த்த சொல்லல என்று முறையிடுகிறார். பால்காரரிடம் சொன்னார். மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொன்னார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமே சொன்னார், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். எழுதிக் குடுங்க பெரியவரே, பாத்துக்கலாம் என்று அதிகாரி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாதைச் செய்தி உனக்கு வேண்டுமோ வேண்டாமோ, சொல்லிவிடுகிறேன். நீ போட்ட கடலோர நடைபாதையின் முந்நூற்று நாற்பது கிலோமீட்டரில் நம் பக்கத்துப் பதினான்கு கிலோமீட்டரை மட்டும் கயிறு கட்டி அடைத்திருக்கிறார்கள். நடக்க வருகிறவர்களை வேனில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்களாம். டீக்கடைக்காரர் இரண்டாவது அடுப்பை அணைத்துவிட்டார். வாசலில் இருந்த நீளப் பெஞ்சையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கையெழுத்துப் போட்டவன் தம்பியாச்சே, அக்காவிடம் என்ன பேச்சு?

நன்றி கெட்ட ஊர். வலைக் கொட்டகையில் நீ போட்ட முதல் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? பாதை வந்தால் கண்டவனும் ஊருக்குள் நுழைவான் என்று பாதிப் பேர், பாதை வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் கொழுத்துவிடுவான் என்று மீதிப் பேர். ஏழு கூட்டம் போட்டாய். ஏழாவதில்தான் அந்த யோசனையைச் சொன்னாய், பாதையோரத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வழி காட்டும் கம்பம் ஒன்று, வண்ணம் அடிப்பதும் புல் வெட்டுவதும் அந்த வீட்டுப் பொறுப்பு என்று. இது ஆபீசோட பாதை இல்ல, உங்க பாதை, கம்பத்த உங்க வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குங்க என்றாய். கை தட்டினார்கள். சொன்னபடியே செய்தார்கள் என்பதுதான் கூத்து. ஆட்டைக் கட்டினார்கள், துணி காயப்போட்டார்கள். ஐஸ் பாக்டரி வாட்ச்மேன் லாரி திரும்ப இடம் போதவில்லை என்று தன் கம்பத்தைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டார். டீக்கடைக்காரர் பன்னிரண்டு அடி நகர்த்தினார், எதற்கென்று சொல்லவே வேண்டாம், பெஞ்சுக்கு நேராக. கேட்டதற்கு, புள்ளன்னா எடம் மாறத்தான் செய்யும் என்று பல்லைக் காட்டினார். நீ வடக்கே கடைசித் துண்டு வேலையில் இருந்தாய், உன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரவர் வீட்டுக் கம்பம், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நடக்க வந்து தரை சரிந்து விழுந்த அந்த வெளியூர் மருந்துக்கடை அம்மாவைப் படகுக்காரர்கள் பாறையிலிருந்து தூக்கி வந்தபோது மூடுவதற்கு நம் வீட்டுப் போர்வையைத்தான் கொடுத்தேன். நீலக் கட்டம் போட்டது. திரும்பி வரவில்லை, வரவும் வேண்டாம். நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் துணி அலமாரியில் அந்த இடத்தை வேறு எதுவும் வைக்காமல் விட்டிருக்கிறேன்.

வரைபடத்தில் இருக்கிற இடத்துக்கும் நம் வீட்டு அறுபத்தொன்றாம் கம்பம் நிற்கிற இடத்துக்கும் நாற்பது அடி வித்தியாசம் என்று அதிகாரி சொன்னதும், நான்தான் தப்பா அளந்தேன், நான்தான் அங்க நடச் சொன்னேன் என்று நீ சொன்னாய். யாரும் உன்னைக் கேட்கவே இல்லை. கேட்பதற்குள் சொல்லிவிட்டாய். எழுதியும் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டாய். நீ அளவில் தப்பு செய்கிற ஆளா? யார் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது? பதினெட்டாம் தேதி கோர்ட்டிலும் இதையே சொன்னால் இரண்டு வருஷம் உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.

ஒரு வரியாவது எழுது. பக்கத்து வீட்டு அக்கா துவைகல்லை எதற்கு வாசலுக்குக் கொண்டுவந்தாய் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், அவளை அனுப்பிவிட்டு வந்து இதை ஒட்ட வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

* * *

வியாழக்கிழமை

தம்பி,

ஒரு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்றா சொல்வது? மருந்துச் சீட்டில் கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் இருக்கும். நான் நலம், அப்பாவைப் பார்த்துக்கொள், கம்பத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசாதே, பதினெட்டாம் தேதியோடு எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவுதான். கீழே பேர் கூடப் போடவில்லை.

கம்பத்தைப் பற்றி எதுவும் பேசாதே என்று எதற்கு எழுதினாய்? நான் உன்னிடம் அதைக் கேட்கவே இல்லையே. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மடித்து மிஷின் டிராயரில் போட்டேன், மறுபடியும் எடுத்தேன். தைக்க வந்த பள்ளிக்கூடச் சீருடைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்துத் தைக்க அரை நாள் போயிற்று.

அது கிடக்கட்டும். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும், ஒருவர் கயிற்றைத் தாண்டி நம் வாசலுக்கு வந்தார். உயரமான மனிதர், அறுபது வயதுக்கு மேல். தோளில் பை இருந்தது. பாதை மூடியிருப்பது தெரியாமல் வந்துவிட்டார் போல என்று நினைத்து, இந்தப் பக்கம் வழி இல்லைங்க என்றேன். தெரியும்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு அந்தத் துவைகல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருந்தது, ஆனால் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. எனக்குத்தான் அதைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க முடியாதே. ஒரு நிமிஷம் சார், போட்டுத் தர்றேன் என்று ஊசி நூலோடு போய்விட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நேராக உட்கார்ந்து கொடுத்தார். தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தபோதுதான் சொன்னார், இங்க விழுந்தது என் வீட்டுக்காரிதாம்மா என்று.

அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தேன் தம்பி. அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது.

பையிலிருந்து ஒரு சின்னப் பர்ஸை எடுத்தார். அந்த அம்மாவுடையதாம், போலீஸ் திருப்பிக் கொடுத்ததாம். அதற்குள் மடித்து வைத்த ஒரு டிக்கெட். நம் அப்பாவின் கட்டிலிருந்து கிழித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாதை திறந்த புதிதில், அந்த அம்மா இந்த வழியாக நடந்தபோது அப்பா கொடுத்தாராம். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஓர் அம்மா, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எந்தெந்த ரூட்டில் எத்தனை வருஷம் ஓடினீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை. அவரைத்தான் நம் போர்வையால் மூடியிருக்கிறேன். முகம் எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த அம்மா நம் அப்பாவைப் பற்றியே பேசுவாராம். இன்னொரு தடவை போய் அவர்கிட்ட திரும்பி வர டிக்கெட் வாங்கணும் என்பாராம். அப்படித்தான் நாலு மாதத்துக்கு முன்னால் மறுபடி வந்தாராம், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இவர் கூட வரவில்லையாம். இப்போது கடையைப் பூட்டிவிட்டு, அந்த அம்மா நடந்த வழியெல்லாம் நடந்து வந்தாராம்.

பிறகு மடியில் வரைபடத்தை விரித்தார், நடப்பவர்களுக்கென்று நீ அச்சடித்தாயே, அதேதான். அந்த அம்மா பேனாவால் நம் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாதை உங்க வாசல் வழியாத்தானேம்மா போகுது, அவ உங்க அப்பாவப் பாக்கத்தான் வந்தா, வழி மாறிப் போற ஆளே இல்ல அவ, கம்பத்தப் பாத்துத்தான் கால் எடுத்து வைப்பா, அப்புறம் ஏம்மா அந்தப் பக்கம் போனா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ரொம்ப நாளாக விடை கிடைக்காத கணக்கை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஸ்டாப்ப மாத்திட்டாங்க சார், அதான் அந்தம்மா வரல, நான் பாத்துட்டேதான் இருந்தேன் என்றார்.

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்காகப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வயசாயிடுச்சு சார், ஏதாவது பேசிட்டே இருப்பாரு, கண்டுக்காதீங்க என்றேன். இந்த வீட்டில் உண்மை பேசுகிற ஒரே ஆளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். பொத்தானுக்கு நன்றி சொன்னார். எழுந்து போகும்போது அப்பா விடவில்லை, எங்க போகணும் சார் என்று டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு வழியை மறித்தார். அவ இறங்கின எடத்துக்கே ஒண்ணு குடுங்க என்றார் அவர். அப்பா கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கி அந்தப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு போனார்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

* * *

சனிக்கிழமை

தம்பி,

கம்பத்தைப் பெயர்த்தது நான்.

மூன்று வார்த்தைதான். எழுத நாலு மாதம் ஆயிற்று. உனக்கு இது புதுச் செய்தி இல்லை என்றும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்டு நீ வடக்கேயிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாய், கம்பத்தைப் பார்த்தாய், வாசலில் கிடந்த துவைகல்லைப் பார்த்தாய், கடைசியில் என்னைப் பார்த்தாய். அப்போதே உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். நீ என்னிடம் கேட்கவில்லை, நானும் உன்னிடம் சொல்லவில்லை. நீ அதிகாரி முன்னால் போய் அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பெரிய தியாகி ஆகிவிட்டாய் நீ. உன்னை யாரடா கேட்டது? கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும் போல இருக்கிறது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது.

எதற்காகச் செய்தேன் என்று கேட்பாய். அப்பாவுக்காக. பையை மாட்டிக்கொண்டு யார் போனாலும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று நினைத்து அவர்கள் பின்னாலேயே போய்விடுவார். முதலில் அரைக் கிலோமீட்டர், பிறகு நாலு கிலோமீட்டர். ஒரு நாள் பாறைகளுக்கு நடுவில், நெஞ்சு வரை தண்ணீரில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தாரே, நான் உன்னிடம் முழங்கால் வரை என்று குறைத்துச் சொன்னேன். நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாயோ என்று பயம்.

அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் அப்பாவை வீடியோ எடுத்துப் போட்டாள். டிக்கெட் தாத்தா என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து தினம் கூட்டம். டிக்கெட் வாங்குவார்கள், விசில் ஊதச் சொல்வார்கள், சிரிப்பார்கள். ஒரு நாள் அவர் பேண்டிலேயே போய்விட்டது, அதையும் ஒருவன் எடுத்தான். டீக்கடையில் எல்லோரும் போனைச் சுற்றி நின்று பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு மானம் போயிற்று தம்பி. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத்தான் போயிற்று. இனி யாரும் நம் வாசல் வழியாகப் போகக் கூடாது என்று மறுநாள் காலையிலேயே கடப்பாரையை எடுத்தேன்.

நீயும் நானும் டேப் பிடித்து அளந்த இடம் எனக்குத் தெரியாதா? அக்கா, இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையை நம்பாத, அடியில கடல் அரிச்சு வெச்சிருக்கு என்று நீ சொன்னது காதில் அப்படியே இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மூன்று அடி இந்தப் பக்கம்தான் நட்டேன். சத்தியமாக. கம்பம் நிற்கிற இடம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் நடக்கிறவர்கள் அங்கிருந்து நிமிர்ந்து அடுத்த கம்பத்தைப் பார்ப்பார்கள், நேராக அதை நோக்கி நடப்பார்கள். அறுபத்தொன்றிலிருந்து அறுபத்திரண்டுக்கு நேர்கோடு போட்டால் அது அந்த அடி அரிபட்ட தரைமேல்தான் போகும். ஒரு புள்ளியை நகர்த்தினால் வெட்டுக்கோடு முழுவதும் நகரும் என்று தெரியாத தையல்காரி உண்டா? இருபது வருஷமாகத் துணியில் கோடு போடுகிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. மழைக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்த வழியில் பத்திரமாகத்தான் போனார்கள், மழையில் ஊறிய பிறகுதான் தரை இற்று விழுந்தது. நீ வடக்கேயிருந்து வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பழைய குழி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் துவைகல்லைப் புரட்டி அதன்மேல் போட்டேன். அந்தக் கல்லின்மேல்தான் அவர் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்.

நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். சொன்னேன். அவர் நம்பவில்லை. தம்பியக் காப்பாத்தணும்னு சொல்றீங்க, புரியுதும்மா, அவர் கையெழுத்துப் போட்டாச்சே என்றார். வந்து என் வாசல்ல இருக்கற கல்லப் புரட்டிப் பாருங்க சார் என்றேன். மத்தியானம் வந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து கல்லைத் தள்ளினார்கள். குழி அப்படியே இருந்தது, உள்ளே கம்பத்தின் நீல வண்ணச் சிராய்கூட ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றார். இதாங்க ஸ்டாப்பு என்றார். இந்தத் தடவை அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து டேப்பை எடுத்தார்.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இன்று விடிந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் கடப்பாரைச் சத்தம்தான். எல்லோரும் அவரவர் கம்பத்தைப் பிடுங்கி அவரவர் பழைய குழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ, எல்லார் வீட்டுக்கும் அளவு டேப்போட வரப் போறாங்க என்று கத்திவிட்டுப் போனார். கத்தட்டும். மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

பதினெட்டாம் தேதி நான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்குத் திரும்பி வருவேனா என்று வக்கீலால் சொல்ல முடியவில்லை. நீ சொன்ன பொய்க்கு உனக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன், திட்டு வாங்குவார், பெரிசா ஒண்ணும் இருக்காது என்றார். தைக்க வாங்கிய துணியெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இனி அப்பா மட்டும்தான் பாக்கி.

அதனால் வந்துவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பு. காக்கிச் சட்டை இரண்டு இருக்கிறது, ஒன்றைத் துவைத்தால் மற்றதைப் போட்டுவிடு, சட்டை இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். விசிலை ஒளித்து வைக்காதே, நான் ஒரு தடவை செய்து பார்த்தேன், நாள் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிடுவது எப்படி என்று எழுதியிருக்கிறேன், டிப்போ என்ற வார்த்தை முக்கியம். என்னைக் கேட்பார். அக்கா வேறு ரூட்டில் போயிருக்கிறாள் என்று சொல், புரிந்துகொள்வார். என்னோடு கோபம் இருந்தால் வைத்துக்கொள், அப்பாவிடம் காட்டாதே. நீ ஒரு குடும்பம், குழந்தை என்று நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அதைக் கெடுத்தவளும் நானே.

வாசல் வழியாகவே வா. யார் என்று தெரியாமல் டிக்கெட் கேட்பார், வாங்கிக்கொள்.

அந்தப் பாதையைத் திரும்பத் திறப்பார்கள். அப்போது நம் கம்பத்தை வேறு யாரையும் நட விடாதே, நீயே அளந்து நடு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் இருக்க மாட்டேன். அப்பாவிடம் கொடு. பிடியுங்கள் என்று ஒரு தடவை சொன்னால் போதும், நீ போய்ச் சொல்கிற வரை விடமாட்டார்.

அக்கா